பெரியம்மா தாலியைக் கழற்றவில்லை

மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு என் கைப்பேசி அடிக்கும். எடுத்தால் பெரியம்மா. "எழுந்துட்டியா? நாளன்னைக்குப் பூசம். வெந்தயம் அரைக் கிலோ வாங்கிட்டு வந்துடு" என்பார். நான் இருப்பது சென்னையில். அவர் இருப்பது பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அங்கே வெந்தயம் கிடைக்காதா என்று கேட்கக் கூடாது. வாடி என்று நேராகக் கூப்பிட்டு அவருக்குப் பழக்கமில்லை, ஏதாவது சாமான் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். போன மாதம் வெந்தயம், அதற்கு முந்தின மாதம் நீளக் காம்பு வைத்த கரண்டி.

பூசம் என்றால் தைப்பூசம்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது 27 நட்சத்திரத்தில் ஒன்றாயிற்றே, மாதா மாதம் வரத்தானே செய்யும்? வடலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வள்ளலார் வழி நடக்கும் சன்மார்க்கத்துக்காரர்களுக்கு அமாவாசை, கிருத்திகையெல்லாம் கணக்கில்லை. பூசத்துக்குப் பூசம்தான் மாதம் நகரும். எங்கள் ஊர்ச் சங்கமும் அப்படித்தான். பெயருக்கு நாற்பது பேர் உறுப்பினர். வருவது இருபத்தைந்து. மழை பெய்தால் பன்னிரண்டு.

சங்கம் என்றதும் பெரிய மண்டபத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை. வாசலில் கொடிக்கம்பம். கொடியில் மேலே மஞ்சள், கீழே வெள்ளை. உள்ளே வெள்ளை முக்காடிட்டுக் கைகட்டி நிற்கும் வள்ளலார் படம். அதன் முன்னால் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு விளக்கு. வேறு சாமி கிடையாது, மணி கிடையாது, கற்பூரத் தட்டு கிடையாது. கொட்டகைக்குப் பின்னால் மண் அடுப்பு மூன்று. பெரியம்மாவின் ராஜ்ஜியம் அதுதான்.

காலை ஐந்தரைக்கு அருட்பெருஞ்ஜோதி அகவல் ஆரம்பமாகும். 1596 அடி. 1872 ஏப்ரலில் மேட்டுக்குப்பத்தில் ஒரே இரவில் வள்ளலார் எழுதி முடித்தார் என்பார்கள். எங்கள் ஆட்கள் படிக்கிற வேகத்தில் முடிய இரண்டு மணி நேரம் ஆகும். நடுவில் யாராவது ஒருவர் வரியை விட்டுவிட்டு முன்னால் ஓடுவார், ஆர்மோனியக்காரர் முறைப்பார், மறுபடி சேர்ந்துகொள்வார்கள். இத்தனை வருடத்தில் பெரியம்மா ஒரு தடவைகூட உள்ளே உட்கார்ந்து முழு அகவலும் படித்ததில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நொய்யும் பாசிப்பருப்பும் போட்டுக் கிண்டிக்கொண்டிருப்பார். கரண்டி சுற்றுவதும் பாட்டும் ஒரே தாளத்தில் போகும். கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். உள்ளே எந்த இடம் ஓடுகிறது என்று காதில் விழும்போது சுக்கும் சீரகமும் தட்டிப் போடுவார், அதே கணக்கில் இன்னொரு இடத்தில் உப்பு. புத்தகத்தைப் பார்க்காமல் முழு அகவலையும் சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஊரில் இரண்டே பேர். ஒருவர் பெரியம்மா, சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தவர்.

ஏழரைக்கெல்லாம் வாசலில் வரிசை நிற்கும். முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிற பெண்கள்தான் அதிகம். கொட்டைத் தோலின் எண்ணெய் ஏறி விரலெல்லாம் கறுத்திருக்கும். தூக்குவாளியை நீட்டி, "அக்கா, பையனுக்கும் சேத்து ஊத்து" என்பார்கள். அவர்களில் யாரும் உள்ளே வந்து அகவல் கேட்பதில்லை. வாங்க என்று பெரியம்மாவும் சொன்னதில்லை. ஒரு தடவை வெளியூர்ச் சொற்பொழிவாளர் ஒருவர், கஞ்சி வாங்க வருகிறவர்களை முதலில் உட்காரவைத்துப் பத்து நிமிடம் கொள்கை சொல்லலாமே என்றார். பெரியம்மா கரண்டியை நிறுத்தவில்லை. "பசியோட இருக்கறவன் காதுல எதுவும் ஏறாதுங்க ஐயா. அத வள்ளலாரே எழுதி வச்சிருக்காரே, நீங்க படிச்சிருப்பீங்களே" என்றார். அவர் அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கு வந்ததாக ஞாபகம் இல்லை.

எழுதி வைத்திருப்பது உண்மைதான். 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்று ஒரு சின்ன நூல். உரைநடை. முடிக்காமல் விட்டுவிட்டார். நான் கல்லூரியில் தமிழ் படித்தவள். வள்ளலார் என்றால் மனப்பாடச் செய்யுள் என்ற அளவில்தான் அப்போது தெரியும். இந்த நூலைப் பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் படித்தபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. பசி வந்தால் மனித உடம்பில் என்னென்ன நடக்கும் என்று கண், காது, நாக்கு, கை, கால் என ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார், வைத்தியர் நாடி பார்த்துச் சொல்வதுபோல. அப்புறம் சோறு உள்ளே போனதும் ஒவ்வொன்றும் எப்படித் திரும்பி வருகிறது, முகத்தில் எப்படித் தெளிவு வருகிறது என்று அதே வரிசையில் சொல்கிறார். பட்டினி கிடந்தவனைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் எழுதியது. மோட்சத்துக்குச் சாவி எது என்றால் தவமோ விரதமோ மந்திரமோ என்று போகவில்லை. இன்னொரு உயிரின் பசியை ஆற்றுவதுதான் சாவி என்று முடிவு கட்டிவிட்டார். தமிழில் ஒரு ஞானி எழுதிய உரைநடையில் இதற்கு மேல் ஒன்றை நான் படித்ததில்லை. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

எழுதியதோடு நிற்கவில்லை. 1867 மே 23 அன்று வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து ஜனங்கள் 80 காணி நிலத்தைக் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு மூட்டிய அடுப்பு 21 அடி நீளம். இன்றுவரை அணையவில்லை. பள்ளிக்கூடத்தில் இதை ஒரு வரியில் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். தாது வருஷப் பஞ்சம் வந்தது 1876இல். மடத்திலும் சத்திரத்திலும் சோறு போடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லைதான். ஆனால் நீ யார், எந்த ஜாதி, எந்த சமயம் என்று கேட்காமல், திருவிழாவும் பிரார்த்தனையும் இல்லாமல், தினசரி போட வேண்டும் என்று வைத்து, பெரும்பஞ்சத்துக்கு ஒன்பது வருடம் முன்பே அடுப்பை மூட்டிவிட்ட மனுஷர்.

வடலூருக்கு முதலில் என்னைக் கூட்டிப்போனது பெரியப்பா. தைப்பூசம். சத்திய ஞானசபையில் ஏழு திரை விலக்கி ஜோதி காட்டுவார்கள். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, ஏழாவது கலப்பு நிறம். ஒவ்வொரு திரையும் ஒரு சக்தி. கறுப்பு மாயை, அங்கே ஆரம்பித்து ஒவ்வொன்றாக விலகினால் நமக்குள்ளே இருக்கும் ஒளி தெரியும் என்பது கணக்கு. எண்கோண வடிவில் 1871இல் கட்டத் தொடங்கி 1872 ஜனவரி 25 அன்று முதல் தரிசனம். எனக்குக் கிடைத்தது என்னவோ முன்னால் நின்றவரின் தலையும், பக்கத்துப் பெண்மணியின் முழங்கையும், நடுவில் கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒரு வெளிச்சமும்தான். "பாத்தியா?" என்றார் பெரியப்பா. பார்த்தேன் என்றேன். "என்ன தெரிஞ்சுது?" விளக்கு தெரிஞ்சது பெரியப்பா என்றேன். சிரித்துவிட்டார். "அது போதும், கண்ணாடியில என் மூஞ்சி தெரிஞ்சுதுன்னு சொல்றவனுங்களும் இருக்கானுங்க."

பெரியப்பா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தைத் தொடங்கிய ஐந்தாறு பேரில் ஒருவர். தினமும் காலையில் கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் நான்கும் சேர்த்த பொடியைக் கொதிக்கவைத்துக் குடிப்பார், எங்களுக்கும் கொடுப்பார். வாயில் வைக்க முடியாது. வள்ளலாரே சொன்ன மூலிகை என்பதால் துப்பவும் முடியாது. மரணமிலாப் பெருவாழ்வு பற்றி அவரிடம் நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். 1874 ஜனவரி 30 அன்று இரவு வள்ளலார் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், பிறகு திறந்தபோது உள்ளே யாரும் இல்லை. 1878இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டில் கார்ஸ்டின் என்ற வெள்ளைக்கார அதிகாரி, வள்ளலார் அந்த அறைக்குள் போய் மறைந்த செய்தியைப் பதிந்திருக்கிறார். பெரியப்பாவுக்கு அது பெரிய சாட்சி. "வெள்ளக்காரன் பொய் எழுதுவானா?" என்பார். வெள்ளைக்காரன் எழுதாத பொய்யா பெரியப்பா என்பேன் நான். இந்த இடத்தில் எங்கள் பேச்சு ஒவ்வொரு முறையும் நின்றுவிடும். சங்கத்து மேடைகளிலும் இதுதான் பேச்சு. மாதம் தவறாமல் ஒரு சொற்பொழிவாளர் வந்து ஒளியுடம்பு, புருவமத்தி, ஐந்தொழில், சாகாக்கலை என்று ஒன்றரை மணி நேரம் பேசுவார். கேட்கச் சுவையாகத்தான் இருக்கும். அதில் எனக்குப் பாதி புரியாது, பேசுகிறவருக்கு எவ்வளவு புரிந்தது என்ற சந்தேகமும் உண்டு.

பெரியப்பா ஒரு புரட்டாசியில் இறந்துபோனார். சாகாக்கலை பேசிய வீட்டில் சாவு விழுந்தால் ஊரார் பேசுவதற்குக் கேட்கவா வேண்டும். எங்கள் வீட்டில் எரிப்பதுதான் வழக்கம். பங்காளிகள் விறகுக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். பெரியம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு தாளை எடுத்து வந்து என் அப்பாவிடம் கொடுத்தார். 1871இல் வள்ளலார் வெளியிட்ட 'சமாதி வற்புறுத்தல்' அறிக்கையின் நகல். இறந்தவரைச் சுட வேண்டாம், புதையுங்கள், அழ வேண்டாம், கருமாதி, திதி எதுவும் வேண்டாம், அதற்குப் பதிலாக ஒரு நாள் ஏழைகளுக்குச் சோறு போடுங்கள் என்று சொல்லும் தாள் அது. ஆண்டவர் வந்து எழுப்பும்போது உடம்பு வேண்டுமே என்பது அதிலுள்ள நம்பிக்கை. அந்த நம்பிக்கை பெரியம்மாவுக்கு இருந்ததா என்று நான் கேட்டதில்லை. "அவர் சொல்லிட்டுப் போயிருக்கார், செஞ்சிடுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். அப்பா செய்தார். முந்திரித்தோப்பு ஓரமாகக் குழி வெட்டினார்கள்.

அதே தாளில் இன்னொரு வரியும் இருக்கிறது. கணவன் இறந்தால் மனைவி தாலி வாங்க வேண்டாம்; மனைவி இறந்தால் கணவன் வேறு கல்யாணம் செய்துகொள்ள வேண்டாம். 1871இல்! விதவை மறுமணத்துக்குச் சட்டம் வந்து பதினைந்து வருடம்தான் ஆகியிருந்த காலம். சட்டம் மறுமணத்தைப் பற்றிப் பேசியது, இவர் கழுத்தைப் பற்றிப் பேசினார். எங்கள் பக்கத்தில் பதினைந்தாம் நாள் ராத்திரி நடக்கும் அந்தக் காரியத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வரியின் கனம் தெரியும். பூ வைத்து, மஞ்சள் பூசி, கை நிறைய வளையல் அடுக்கி, கடைசியாக ஒரு தடவை மணப்பெண்போல உட்காரவைத்து, அப்புறம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். எடுப்பவர்களும் விதவைகளாகத்தான் இருப்பார்கள்.

பெரிய அத்தை புடவையும் வளையலுமாக வந்து இறங்கினார். பெரியம்மா அவரைத் திண்ணையிலேயே உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

"இதெல்லாம் எதுக்கு அண்ணி எடுத்துட்டு வந்தீங்க? நான் கழட்டப் போறதில்ல."

"ஏம்மா, புத்தி கெட்டுப்போச்சா? ஊரு என்ன பேசும்?"

"பூசத்துக்குக் கஞ்சி வாங்க வரும்ல ஊரு, அப்ப பேசட்டும்."

அத்தை அன்றைக்குச் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார். இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அதுகூடப் பரவாயில்லை, எதிர்பார்த்ததுதான். எனக்கு ஆறாதது சங்கத்தின் நடத்தை. தலைவரிடம் போய், நீங்கள் நாலு பேர் வந்து எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கொள்கையை எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று நானே கேட்டேன். இருபது வருடமாக அந்தத் தாளை ஆண்டுவிழாவில் அச்சடித்து வினியோகம் செய்கிறவர் அவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதெல்லாம் ஐயா அந்தக் காலத்துக்குச் சொன்னதும்மா. குடும்ப விஷயத்துல சங்கம் தலையிட்டா நல்லா இருக்காது" என்றார். வள்ளலார் தண்ணீரில் விளக்கு எரித்த அற்புதம் இந்தக் காலத்துக்கும் பொருந்துமாம், தாலி மட்டும் அந்தக் காலமாம்.

கோபம் தணிந்த பிறகு யோசித்தால், இது எங்கள் ஊர்ச் சங்கத்தின் குறை மட்டும் இல்லை என்று தெரிகிறது. வள்ளலார் எதை வேண்டாம் என்று வைத்தாரோ அது பின்வாசல் வழியாகத் திரும்ப வருவது வடலூரிலேயே நடந்திருக்கிறது. 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கம் என்று வைத்த பெயரை 1872இல் அவரே மாற்றி, வேதம் என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சுத்தம் என்று போட்டார். 1873 அக்டோபர் 22 அன்று மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றிப் பேசியபோது, வேதம் ஆகமம் புராணம் எதிலும் லட்சியம் வைக்காதீர்கள் என்ற பொருளில் சொல்லி, தாமே ஒரு காலத்தில் சைவத்தில் அழுத்தமாக இருந்ததையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அப்படிப்பட்டவரின் ஞானசபைக்குள்ளேயே பிற்காலத்தில் லிங்கம் வந்தது, அபிஷேகம் வந்தது. வள்ளலார் வகுத்த முறைப்படி ஜோதி வழிபாடு மட்டுமே நடக்க வேண்டும் என்று 2006இல் அறநிலையத்துறை உத்தரவு போட்டு, அது வழக்காகி, 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய வேண்டியிருந்தது. சடங்கு வேண்டாம் என்றவருக்குச் சடங்கு செய்யாதீர்கள் என்று கோர்ட்டு வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் கொட்டகையிலும் பார்க்கிறேனே. கண்ணாடிக் கூண்டு விளக்குக்கு முன்னால் முதலில் ஒரு பூ, பிறகு ஒரு மாலை, இப்போது தேங்காய் உடைக்கலாமா என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். போன வருடம் படத்துக்கு வெள்ளியில் பிரபை செய்யலாம் என்று வசூல் ஆரம்பித்தது. கூட்டத்தில் பெரியம்மா எழுந்து, "அந்தக் காசுக்கு எத்தன மூட்டை நொய் வரும்னு கணக்கு போட்டுச் சொல்லுங்க, கைதூக்கறேன்" என்றார். கணக்கு போட யாரும் முன்வரவில்லை. வசூல் நின்றுவிட்டது.

அடுப்படியில் நிற்கிற பெண்கள்தான் அந்தச் சங்கத்தை நடத்துகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். நிர்வாகிகள் பட்டியலில் ஒரு பெண் பெயர்கூடக் கிடையாது. பெரியம்மாவைப் பார்த்து அதற்குப் பிறகு எங்கள் ஊரில் இரண்டு பெண்கள் தாலியைக் கழற்றாமல் இருந்துவிட்டார்கள். ஒருத்தி சங்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவள், கஞ்சி வாங்க வருகிற முந்திரிக்காரப் பெண்களில் ஒருத்தி. வரிசையில் நிற்கும்போது அவள் பெரியம்மாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், ஒருநாள் மெதுவாக, "ஒண்ணும் ஆகலியே அக்கா உனக்கு?" என்று கேட்டாள். "முட்டிவலிதான்" என்றார் பெரியம்மா.

நீங்கள் வடலூர் போவதாக இருந்தால் தைப்பூசத்துக்குப் போக வேண்டாம் என்பேன். சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை போங்கள். கடலூரிலிருந்து விருத்தாசலம் போகிற பஸ்ஸில் ஏறினால் போதும். தருமச்சாலையில் பந்தியில் உட்காருங்கள். பக்கத்தில் மூட்டை முடிச்சோடு ஒரு பரதேசி இருப்பார், எதிரில் கட்டடவேலைக்கு வந்தவர் இருப்பார். சோறு சுமாராகத்தான் இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் அந்த அடுப்பை ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.

போன வைகாசியில் ஊரில் ஒரு கல்யாணம். சங்கத்துக் குடும்பம்தான், அழைப்பிதழின் மேலேயே ஜோதி படம் போட்டிருந்தது. ஐயர் இல்லை, திருவருட்பா பாடித்தான் நடத்தினார்கள். பெரியம்மாவும் நானும் முன்வரிசையில் இருந்தோம். தாலியைத் தேங்காய்மேல் வைத்துத் தட்டில் ஏந்தி, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கக் கொண்டுவந்தார்கள். என் முன்னால் நீட்டினார்கள், தொட்டுக் கும்பிட்டேன். தட்டு பெரியம்மாவைத் தாண்டி அடுத்த நாற்காலிக்குப் போனது. பெரியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து பந்தி நடக்கிற பக்கம் போய்விட்டார்.

தட்டை ஏந்தி வந்தவர் எங்கள் சங்கப் பொருளாளரின் மனைவி. புத்தகத்தைப் பார்க்காமல் முழு அகவலையும் சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஊரில் இரண்டு பேர் என்றேனே, இன்னொருவர் அவர்தான்.